21 புள்ளி, ஒரே கம்பி, ஒரு வெள்ளைச் சுவர்

இரண்டடிக்கு இரண்டடி கேன்வாஸ். நடுவில் ஒரே ஒரு அறை, நல்ல ஆரஞ்சு. அதன் நான்கு முனைகளையும் தொட்டுக்கொண்டு நான்கு அறைகள், இளஞ்சிவப்பு. அவற்றைத் தொட்டு இன்னும் நான்கு, பளிச்சென்ற மஞ்சள். வெளியோரமாகப் பன்னிரண்டு, கருங்கல் சாம்பல். பின்னணி முழுக்கப் பச்சை ஓடும் கறுப்பு. இந்த 21 அறைகளையும் ஒரே வெள்ளைக் கம்பி, எங்கும் அறுபடாமல், வளைந்து வளைந்து சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் "யார் வரைந்தது?" என்று கேட்கிறார்கள். எட்டு எழுத்து வரைந்தது! எட்டே எழுத்துள்ள ஒரு விதி. அதைக் கணினியிடம் கொடுத்தால் கம்பி தானாக நடந்து முடிக்கிறது. வண்ணம் மட்டும் நம் வேலை. இந்தப் படம் எப்படிப் பிறக்கிறது, அதன் பூர்வீகம் எங்கே இருக்கிறது என்பதை உள்ளே அழைத்துப்போய்க் காட்டியே ஆக வேண்டும். ஏனென்றால் பூர்வீகம் வேறெங்கும் இல்லை, எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது!

முதலில் தாம்பரம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரமும் அதற்குள் வந்தது. அங்கே, புதர்க்காடும் புள்ளிமான்களும் உள்ள வளாகத்தில், 1937 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நடக்கிறது. அந்தக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர்; கோட்பாட்டுக் கணினியியலில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவர். ராணியிடம் ஆய்வு செய்தவர் கமலா கிருத்திவாசன், பின்னாளில் சென்னை ஐஐடியின் பேராசிரியர். இந்த மூவரும் வாசற்படியைக் குனிந்து பார்த்தார்கள். அங்கே இருந்தது கோலம்.

மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்பது அப்போது உலகமெங்கும் கணினியியலாளர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. வாக்கியம் ஒரே வரியில் இடமிருந்து வலமாகப் போகிறது. படம் அப்படி இல்லை, நீளமும் அகலமும் சேர்ந்தே வளர்கிறது. அதனால் எழுத்துகளை ஒரே வரியில் நிறுத்தாமல், வரிசை வரிசையாகச் செவ்வகமாக நிறுத்தும் இலக்கணங்களை இவர்கள் அமைத்தார்கள். அதற்கு எடுத்துக்காட்டு வேண்டியிருந்தபோது எங்கும் போகவில்லை, வீட்டு வாசலிலேயே கிடைத்தது. சின்னக் கோலம் ஒன்றைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். விதி மாறாது, அளவு மட்டும் கூடும். 1974இல் கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. தலைப்பிலேயே கோலம் இருக்கிறது. நினைத்தாலே எனக்குத் துள்ளுகிறது!

அதே 1974இல் கிஃப்ட் சிரோமணி இன்னொரு புத்தகத்திலும் கைவைத்திருந்தார். அதே கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மைக்கேல் லாக்வுட், தாவரவியல் சொல்லிக்கொடுத்த தயானந்தன் இருவரோடும் சேர்ந்து எழுதிய மாமல்லபுர ஆய்வுகள். பல்லவச் சிற்பங்களின் ஆடை, அணிகலன்களை உற்றுப் பார்த்தவர், அவற்றின் அளவு விகிதங்களைப் புள்ளியியலால் அலசியவர் அவர். ஒரே மனிதர், ஒரு பக்கம் கடற்கரைக் கருங்கல்லை அளக்கிறார், மறுபக்கம் வாசல் அரிசிமாவை அளக்கிறார். 1988இல், இன்னும் எவ்வளவோ செய்திருக்க வேண்டிய வயதில், மறைந்துவிட்டார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இந்த விதிகளைப் பேராசிரியர்கள் கண்டுபிடிக்கவில்லை, எழுதிவைத்தார்கள். விதி அதற்கு முன்பே கோலம் போடும் பெண்களின் கையில் இருந்தது. ஒன்பது புள்ளி வைத்து ஒன்று வரைக்கும் சந்துப்புள்ளி என்று ஒருத்தி சொன்னால், இன்னொருத்தி படத்தைப் பார்க்காமலே புள்ளியை வைத்துவிடுகிறாள். அது விதிமுறை அல்லாமல் வேறென்ன? கணினி ஓவியத்தின் கதையைச் சொல்கிறவர்கள் 1965இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஜார்ஜ் நீஸ் வைத்த கண்காட்சியிலிருந்து தொடங்குவார்கள். அது சரியான தொடக்கம்தான், கணினிக்கு. விதியால் வரைவதற்கு அல்ல.

சரி, எட்டு எழுத்துக்கு வருவோம்!

1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர், பாசி எப்படிக் கிளைவிட்டு வளர்கிறது என்பதை எழுத்துகளால் விளக்க ஒரு முறை சொன்னார்; எல்-சிஸ்டம் என்று அதற்குப் பெயர். ஒவ்வோர் எழுத்தையும் ஒரே நேரத்தில் வேறு எழுத்துகளாக மாற்று, வந்ததை மறுபடி மாற்று, இன்னும் மாற்று. அவ்வளவுதான். பாசிக்காகப் பிறந்த இந்த முறை கம்பிக் கோலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தாம்பரத்துக் கோலங்கள் ஆய்விதழ் வழியாகக் கடல் கடந்தன. 1980களின் இறுதியில் செடிகொடிகளைக் கணினியில் வளர்த்துக்கொண்டிருந்த பிரிசெமிஸ்லாவ் புருசின்கேவிச் தம் புத்தகத்தில் கிருஷ்ணர் கொலுசுக் கோலத்தையும் சேர்த்தார். இன்று உலகின் எந்த மூலையில் இந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் கொஞ்சத் தூரத்தில் அந்தக் கொலுசு வந்து நிற்கும்.

என் சுவரில் இருப்பதும் அந்தக் கொலுசுதான். அதை வரைய மூன்றே எழுத்துகளை வைத்துக்கொள்வோம். 'ந' என்றால் ஓரடி நட, நடந்த வழியில் கோடு விழும். 'தி' என்றால் இருந்த இடத்திலேயே வலப்பக்கம் 45 பாகை திரும்பு. 'வி' என்றால் ஒன்றும் செய்யாதே, ஆனால் அடுத்த சுற்றில் விரி. தொடக்க வரி இது: தி வி தி தி வி. விதி இது: வி என்று எங்கே இருந்தாலும் அங்கே 'வி ந வி தி தி வி ந வி' என்று மாற்று. எண்ணிப் பாருங்கள், எட்டு!

ஒரு முறை மாற்றினால் நான்கு 'ந' வரும். ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு 'தி', அதாவது 90 பாகை. நான்கு பக்கம் நடந்து ஒரு சாய்சதுரம், உள்ளே ஒரு புள்ளிக்கு இடம். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இரண்டாம் முறை மாற்றுங்கள். 20 அடி. இப்போது காகிதத்தில் வரைந்துகொண்டே வந்தால் பாதியில் கை நின்றுவிடும், ஏனென்றால் இது உங்களுக்குத் தெரிந்த படம்! ஒன்று, மூன்று, ஒன்று என்று ஐந்து புள்ளி வைத்து, நடுப்புள்ளியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓட, மேலே கீழே இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிச் சுழித்துவரும் சிக்குக் கோலம். குழந்தை முதலில் கற்றுக்கொள்ளும் கோலம். அதே கோலம் எட்டு எழுத்துக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது. மூன்றாம் முறை 84 அடி, 21 புள்ளி. நான்காம் முறை 340 அடி, 85 புள்ளி. ஒவ்வொரு முறையும் ஒரே கம்பி. ஒவ்வொரு முறையும் புறப்பட்ட இடத்தில்தான் முடிவு.

ஏன் எப்போதும் ஒரே கம்பி? இந்த அறைகள் ஒன்றையொன்று தொடும் விதத்தைப் பாருங்கள். நடு அறையிலிருந்து நான்கு, அந்த நான்கில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று, அந்த ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று. கிளை பிரிந்துகொண்டே போகிறது, எந்தக் கிளையும் சுற்றிவந்து இன்னொன்றோடு சேர்வதில்லை. அதனால் வெளியே போன கம்பிக்குத் திரும்பிவரும் வழி ஒன்றுதான், இன்னொரு தனி வளையம் உருவாக இடமே இல்லை. வரைந்து முடித்த பிறகு இது புரிந்தபோது இரவு தூக்கம் போய்விட்டது.

கணினியில் இப்படிக் கோடு விட்டு நடக்கும் அம்புக்குறிக்கு ஆமை என்று பெயர். 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார்கள். அந்த மொழியோடு ஒட்டிக்கொண்டதுதான் இந்த ஆமை. பைத்தானிலும் இருக்கிறது. நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தை பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே விடியற்காலையில் நடந்தால், அவை ஏறிய தடமும் இறங்கிய தடமும் மணலில் கோடு கோடாகக் கிடக்கும்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் இங்கே ஓடிவிட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ரெண்டர், அதற்குள் எல்-சிஸ்டம். 'ந' இருக்கும் இடத்தில் ஆங்கில எஃப், 'வி' இருக்கும் இடத்தில் எக்ஸ், 'தி' இருக்கும் இடத்தில் கழித்தல் குறி. தொடக்க வரிக்கு ஒரு பெட்டி, விதிக்கு ஒரு பெட்டி. இடக்கோணம், வலக்கோணம் இரண்டும் 45. ஆர்டர் என்ற இடத்தில் 3. அப்ளை. கண் இமைக்கும் நேரத்தில் கம்பி விழுந்துவிடும்!

ஆனால் விழுந்த கம்பி விறைப்பாக, முனை முனையாக இருக்கும். கோலத்தின் நெளிவு அதில் இல்லை. நோட் கருவியை எடுத்து எல்லா முனைகளையும் தேர்ந்து, ஷிஃப்டோடு ஒய் அழுத்துங்கள். முனைகள் மழுங்கி, சுழிகள் உருண்டு, நேர்கோடுகள்கூட மெல்ல நெளிந்து, ஒரு கணத்தில் அது கையால் இழுத்த கம்பியாகிவிடும். இந்தக் கணத்துக்காகவே முழு வேலையையும் மறுபடி செய்யலாம். இதற்கு மேல் கம்பியின் தடிமனைக் கூட்டினால் அரிசிமாவுக் கோலம், குறைத்தால் நகை வேலை. எனக்குத் தடிமன்தான் பிடிக்கும். மெல்லிய கோடு திரையில் அழகு, சுவரில் பத்தடி தள்ளி நின்றால் காணாமல் போகும்.

இனி வண்ணம். இங்கேதான் பைத்தியம் பிடிக்கும்!

நான் நிறங்களைத் தேடி வேடந்தாங்கலுக்குப் போனேன். செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798இலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊராருக்கு எழுதிக் கொடுத்த ஏரி அது. மஞ்சள்மூக்கு நாரை ஒன்றைப் படமெடுத்து, இங்க்ஸ்கேப்பில் போட்டு, டிராப்பர் கருவியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டால் நிறம் கையோடு வந்துவிடும். முகத்தில் ஆரஞ்சு. மூக்கில் மஞ்சள். வால் பக்கம் தொங்கும் இறகில் இளஞ்சிவப்பு. சிறகில், கறுப்பு என்று நாம் நினைத்திருந்த இடத்தில், பச்சை! இந்த நான்கும் ஒரே உடம்பில் சண்டை போடாமல் இருக்கின்றன. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சொல்கிறவர்களை அந்த ஏரிக்கரைக்கு அழைத்துப் போக வேண்டும். சாம்பல் மட்டும் நாரையிடம் கிடைக்கவில்லை. அதை மாமல்லபுரத்து ஐந்து ரதங்களின் கல்லிலிருந்து எடுத்தேன். காலை வெயிலில் எடுத்த சாம்பலில் மஞ்சள் கலந்திருக்கும், உச்சிவெயிலில் அது வெளிறிவிடும். காலைதான் சரி.

எந்த அறைக்கு எந்த நிறம்? கண்ட இடத்தில் ஊற்றினால் ரங்கோலிப் பொடி டப்பா கவிழ்ந்ததுபோல ஆகிவிடும். நான் நடு அறையிலிருந்து எத்தனை தாவல் என்று எண்ணி ஊற்றினேன். தாவாமல் இருப்பது 1, ஒரு தாவலில் 4, இரண்டு தாவலில் 4, மூன்று தாவலில் 12. நான்கு படி, நான்கு நிறம், மொத்தம் 21. இது கோலமே தரும் கணக்கு, நாம் திணிப்பதல்ல. அதனால்தான் படம் நடுவிலிருந்து வெடித்து விரிகிறது. இன்னொரு வழியும் உண்டு. கிளை பிரியும் அமைப்பு என்பதால், தொட்டுக்கொண்டிருக்கும் எந்த இரண்டு அறையும் ஒரே நிறமாகாமல் இருக்க வெறும் இரண்டு நிறம் போதும். இண்டிகோவும் வெள்ளையும் மட்டும் வைத்துப் பாருங்கள். படுக்கையறைக்கு அதுதான்.

இதுவரை ஒழுங்கு. இப்போது ஒழுங்கைக் கலைப்போம். 45 என்ற கோணத்தை 46 ஆக்குங்கள். ஒரே ஒரு பாகை! கம்பி புறப்பட்ட இடத்துக்கு வராது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வழி தவறி, அறைகள் சரிந்து, விசிறிபோல அவிழ்ந்துவிடும். 44, 46, 47 என்று மூன்று நான்கு கம்பிகளைப் பாதி ஒளிபுகும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோலம் கண்ணுக்குத் தெரியாது, கோலத்தின் துடிப்பு மட்டும் தெரியும். அரூப ஓவியம் என்று நான் மனதாரச் சொல்வது இதைத்தான். 1968 முதல் பாரிஸில் கணினியோடு ஓவியம் செய்த வேரா மோல்னார் வாழ்நாள் முழுக்கத் தேடியதும் இந்தச் சின்னப் பிசகைத்தான். ஒழுங்கில் ஒரு சதவீதம் கலைத்தால் போதும் என்பது அவர் கொள்கை. சதுரத்துக்குள் சதுரங்களை அடுக்கி அவற்றை லேசாகக் குலைத்த அவருடைய புகழ்பெற்ற வரிசை 1974. அதே 1974! தாம்பரத்தில் மூவர் கோலத்துக்கு இலக்கணம் எழுதிய ஆண்டு. மோல்னார் 2023 டிசம்பரில், நூறு வயதுக்குச் சில வாரங்களே இருக்கும்போது காலமானார்.

அரூப ஓவியம் நம் வீட்டுக்குச் சரிப்படுமா என்று தயங்குகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்குங்கள். அன்று அதுவும் செங்கல்பட்டு மாவட்டம்தான். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றதிலிருந்து! வீடுகளுக்குள் போன துணிகள் ஓவியர்களுக்கு வீடு கட்டித் தந்தன. பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசை 1963இல் தொடங்கியது. ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் கிடந்த எண்களும் கோடுகளும்தான் அவரை அந்தப் பக்கம் தள்ளின. கணக்கும் வண்ணமும் இந்தக் கடற்கரையில் தூரத்துச் சொந்தம் இல்லை. 2009இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது, ஒரு மதியம் முழுக்க நிற்கலாம்.

படம் தயார். அதைச் சுவருக்குக் கொண்டுவரும் வேலை பலருக்கு அலுப்பு, எனக்கு அதுவும் கொண்டாட்டம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. திரையில் எரியும் சில பச்சைகளும் நீலங்களும் மையில் கிடைக்கவே கிடைக்காது, அடங்கித்தான் வரும். அதனால் முழு அளவில் அடிக்குமுன் ஏ-4 அளவில் ஒரு மாதிரி எடுத்து, மாட்டப்போகும் அதே சுவரில் ஒட்டி, பகல் வெளிச்சத்திலும் இரவு டியூப்லைட்டிலும் பாருங்கள். என் இளஞ்சிவப்பு டியூப்லைட்டில் சாம்பலடித்தது. கொஞ்சம் மஞ்சள் சேர்த்ததும் உயிர் வந்துவிட்டது.

கோடுகளால் ஆன கோப்பு என்பதால் எத்தனை பெரிதாக்கினாலும் உடையாது. கடைக்காரரிடம் பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடலாம். அவர் படக்கோப்புதான் வேண்டும் என்றால் அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் 24 அங்குலத்துக்கு 3,600 பிக்சல். இரண்டடிப் படத்தை யாரும் மூக்கு இடிக்க நின்று பார்ப்பதில்லை, இது தாராளம். பளபளக்கும் பிளெக்ஸ் வேண்டாம். ஜன்னல் முழுக்க அதில் தெரியும், கோலம் தெரியாது. பருத்திக் கேன்வாஸ், அல்லது தாளில் அடித்து மேட் லேமினேஷன். கடலோர வீடுகளுக்கு ஒரு சிறப்புக் கவனம்: உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், அதனால் ஆணி, கொக்கி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும், சட்டம் மரத்திலோ அலுமினியத்திலோ இருக்கட்டும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சின்னக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. மேற்கு வெயில் நேராக விழும் சுவர் மட்டும் வேண்டாம், மஜெந்தா வெளுத்துவிடும்.

அடுத்தது எங்கள் வீட்டு நடைவழி. நீளச் சுவர், 85 புள்ளிக் கொலுசு தாங்கும். அதற்குப் பிறகு பாம்புக் கோலம், அதற்கும் எல்-சிஸ்டம் விதி இருக்கிறது, கோணம் 90. முட்டுக்காட்டுப் பக்கம் நிறுத்தியிருக்கும் மீன்பிடிப் படகுகளைப் படமெடுத்து டிராப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த டர்க்காய்ஸ் நீலம் மையில் வருமா என்று நாளை மாதிரி அடித்துப் பார்க்க வேண்டும்.